நெல்லிக்கனியும் காயகற்பமும்: மூப்புத் தடுப்புத் தொழில்நுட்பத்தில் சமூக முதலீடு குறித்த ஒரு கொங்கு நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மனிதரின் மூப்பைத் தள்ளிப்போடும் தொழில்நுட்பங்களில் உலகின் பெருஞ்செல்வர்கள் முதலிட்டு வருகின்றனர். அம்முதலீட்டில் சமூகமும், அதன் சார்பில் அரசும் பங்கேற்க வேண்டுமா என்னும் வினா இன்று அறிவியல், பொருளியல், மருத்துவ அறவியல் ஆகிய துறைகளில் விவாதிக்கப்படுகிறது. தமிழ் மரபுக்கு இவ்வினா புதிதன்று. தகடூர் அதியமான் ஔவையாருக்கு ஈந்த நெல்லிக்கனி முதல் சித்தர்களின் காயகற்பம் வரை, வாழ்நாள் நீட்டிப்பைப் பற்றிய தொடர்ச்சியான சிந்தனை இம்மரபில் உள்ளது. அதன் முக்கிய இடங்கள் பல கொங்கு மண்டலத்திலும் அதன் எல்லையிலும் அமைந்துள்ளன. வாழ்நாளை நீட்டிக்கலாமா என்பதைவிட, நீட்டிக்கும் பொருள் யாரைச் சேரும் என்பதையே சங்க இலக்கியம் முதன்மையாகக் கேட்டது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அக்கேள்வியிலிருந்து பொதுநிதி முதலீட்டுக்கான அளவுகோல்களை வகுத்து, கருமத்தம்பட்டி – சோமனூர் விசைத்தறிப் பகுதியின் முதுமையோடு அவற்றைப் பொருத்திப் பார்க்கிறது.

திறவுச்சொற்கள்: மூப்பு, காயகற்பம், நெல்லிக்கனி, அதியமான், பிசிராந்தையார், நலவாழ்நாள், கொங்கு நாடு, விசைத்தறி.

முன்னுரை

இந்தியா விடுதலை பெற்ற காலத்தில் நாட்டின் சராசரி வாழ்நாள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 32 ஆண்டுகள். மாதிரிப் பதிவு முறையின் 2016–20 கணக்கீட்டில் அது 70 ஆண்டுகளாக உயர்ந்தது. இரு தலைமுறைக்குள் வாழ்நாள் இரட்டிப்பானதற்கு மூப்பைத் தடுக்கும் மருந்து எதுவும் காரணமன்று. தடுப்பூசி, தூய குடிநீர், உணவுப் பங்கீடு, பேறுகால மருத்துவம், நோய்நுண்மக் கொல்லிகள் ஆகியனவே காரணம். இவை அனைத்தும் பெரும்பாலும் பொதுநிதியால் பரவலாக்கப்பட்டவை.

இவ்வெற்றியின் மறுபக்கம் முதியோர் பெருக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 10.4 விழுக்காட்டினர். மக்கள்தொகை முன்கணிப்புக்கான தொழில்நுட்பக் குழு இவ்விகிதம் 2021இல் 13.6 ஆகவும், 2031இல் 18.2 ஆகவும் உயரும் எனக் கணித்தது. பெண் ஒருவரின் சராசரி மகப்பேற்று விகிதம் 2020இல் 1.4 ஆகக் குறைந்துவிட்ட மாநிலத்தில், முதியோரைத் தாங்கும் தோள்கள் குறைந்துகொண்டே வரும். இச்சூழலில் மூப்பையே தள்ளிப்போட இயலுமானால் அது பெரும் நன்மை என்னும் வாதம் வலுப்பெறுகிறது. அவ்வாதத்தை ஏற்பதா, மறுப்பதா, எந்நிபந்தனையோடு ஏற்பது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

தகடூர் நெல்லி: கொடையும் தேர்வும்

தருமபுரியை மையமாகக் கொண்ட பண்டைத் தகடூர், கொங்கு மண்டலத்தோடு சேர்த்து எண்ணப்படுவது. அதன் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி. 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைத் தமிழி கல்வெட்டு அவன் வரலாற்று இருப்பை உறுதிசெய்தது. அவன் ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த செய்தி புறநானூற்றின் 91ஆம் பாட்டில் இடம்பெறுகிறது. சிறுபாணாற்றுப்படை வள்ளல்கள் எழுவரைத் தொகுத்துரைக்குமிடத்தில் அதே செய்தியை அவனது அடையாளமாக்குகிறது. இனிய சொல்லைக் கனியோடு ஒப்பிடும் குறளுக்கு உரை காணும் பரிமேலழகரும் ஔவை உண்ட நெல்லியை எடுத்துக்காட்டுகிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் புலவரும் உரையாசிரியரும் இந்நிகழ்வை மறவாமல் பேணியுள்ளனர்.

புறப்பாட்டைக் கூர்ந்து நோக்கின் அதில் மூன்று கூறுகள் தெளிவாகும். முதலாவது, அக்கனி எளிதில் கிடைக்காதது; ஏறுதற்கரிய மலைப்பிளவில் விளைந்தது. இரண்டாவது, அதனை உண்டோர் சாவினின்று நீங்குவர் என்னும் பயனை அதியமான் அறிந்திருந்தும் ஔவையாரிடம் கூறாது தன் நெஞ்சுள் அடக்கிக்கொண்டான். மூன்றாவது, கனியை உண்ணும் முதல் உரிமையுடைய வேந்தன் அதனைப் படையோ நிலமோ இல்லாத புலவர்க்கு அளித்தான்.

இவற்றுள் மூன்றாம் கூறே நம் வினாவுக்கு நேரடியாகப் பொருந்துவது. அரிய வாழ்நாள் மருந்து ஒன்று அதிகாரமும் செல்வமும் உடையவன் கையில் சேர்ந்தபோது அவன் என்ன செய்தான் என்பதையே மரபு நினைவில் வைத்தது. கனி மெய்யாகவே சாவை நீக்கியதா என்பதை அது ஆராயவில்லை. கனியை ஈந்தவன் போரில் மடிந்தான். அவனுக்குக் கையறுநிலை பாடியவர் கனியை உண்ட ஔவையார். தானே உண்டிருந்தால் அதியமான் மற்றுமொரு குறுநிலத் தலைவனாகவே நின்றிருப்பான்.

இரண்டாம் கூறு மற்றொரு சிக்கலை எழுப்புகிறது. பயனை மறைத்தது, அறிந்தால் ஔவையார் ஏற்க மறுப்பார் என்னும் அன்பினாலாகலாம். எனினும், பெறுபவர் அறியாமல் தரப்படும் மருந்து இன்றைய மருத்துவ அறவியலுக்கு உடன்பாடன்று. மரபின் கொடையறத்தை ஏற்கும் இக்காலம், அதனோடு அறிந்து இசையும் உரிமையையும் சேர்க்க வேண்டியுள்ளது.

புறநானூற்றின் 182ஆம் பாட்டு இக்கருத்தைப் பொதுமைப்படுத்துகிறது. கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, உலகம் நிலைபெற்றிருப்பதற்குரிய காரணங்களை அடுக்குகையில், தேவர்க்குரிய அமிழ்தமே கிடைத்தாலும் அதனைத் தனித்து உண்ணாதவர் இருப்பதை முதலில் வைக்கிறார். அமிழ்தம் என்பது சாவா மருந்து. அதனை உண்பதில் அவர் குறை காணவில்லை; தனித்து உண்பதிலேயே குறை காண்கிறார்.

பிசிராந்தையாரின் நரையாமை

மூப்பைப் பற்றிச் சங்க இலக்கியம் தரும் மற்றொரு சான்று புறநானூற்றின் 191ஆம் பாட்டு. ஆண்டு பல சென்றும் தலை நரைக்காதது எவ்வாறு என வினவப்பட்ட பிசிராந்தையார், மருந்து எதையும் கூறவில்லை. மாட்சி பொருந்திய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து நடக்கும் ஏவலர், அல்லவை செய்யாது காக்கும் வேந்தன், ஊரில் வாழும் அடக்கமுடைய சான்றோர் என ஐந்து காரணங்களைக் கூறுகிறார். இவற்றுள் மூன்று வீட்டைச் சார்ந்தவை. ஒன்று அரசைச் சார்ந்தது. ஒன்று ஊரைச் சார்ந்தது. மூப்பின் வேகத்தைக் கவலையற்ற குடும்பமும் நல்லாட்சியும் நல்ல அயலும் குறைக்கும் என்னும் இக்கருத்து, உடல்நலத்தைத் தீர்மானிக்கும் சமூகக் காரணிகள் என இன்றைய பொதுச் சுகாதாரவியல் வகுத்துக் கூறுவதற்கு நெருங்கியது.

மூப்பின் துயரைச் சங்க இலக்கியம் மறைக்கவும் இல்லை. தொடித்தலை விழுத்தண்டினார் தம் பாட்டில் (புறம் 243) இளமையில் மடுவில் பாய்ந்து மணல் எடுத்து வந்த நினைவை, கோலூன்றி இருமலிடையே சில சொற்கள் பேசும் தம் நிலையோடு எதிர்வைக்கிறார். ஆகவே, மூப்பை இயல்பென ஏற்பதே தமிழ் மரபு என ஒற்றை வரியில் முடிப்பது பொருந்தாது. மூப்பின் இழப்பை உணர்ந்த மரபே அதற்கு மருந்தையும் தேடியது. திருக்குறள் நிலையாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தது.

கொங்கில் காயகற்பம்: சித்தர் மரபு முதல் ஆழியாறு வரை

காயம் என்பது உடல். கற்பம் என்பது நரை, திரை, மூப்பு ஆகியவற்றை விலக்கி உடலை நிலைபெறுத்தும் முறை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் ‘காயசித்தி உபாயம்’ என்னும் பகுதியைக் கொண்டுள்ளது. உடலைப் பேணுவது மெய்ஞ்ஞானத்தை அடைவதற்குரிய வழி என்பது திருமூலரின் நிலைப்பாடு. வாழ்நாள் நீட்டிப்பு அவருக்கு இலக்கன்று, கருவியே. திருமூலர் ஆண்டுக்கு ஒரு பாடலாக மூவாயிரம் ஆண்டுகள் பாடினார் எனப் பெரியபுராணம் கூறுவதும், நீண்ட ஆயுள் ஒரு பணிக்காகவே என்னும் கருத்தைப் புலப்படுத்துகிறது.

கொங்கு மண்டலத்தில் இம்மரபின் தடங்கள் மிகுதி. பழனியில் போகரின் நினைவிடமும், காங்கேயத்தை அடுத்த ஊதியூர் மலையில் கொங்கணர் குகையும், மருதமலையில் பாம்பாட்டிச் சித்தர் குகையும் இன்றும் வழிபடப்படுகின்றன. எனினும் சித்தர் நூல்களின் கற்ப முறைகள் குழூஉக்குறியாலும் பரிபாடைச் சொற்களாலும் மறைக்கப்பட்டவை. தகுதியற்றோர் கையில் சேரலாகாது என்னும் காப்புணர்வே இம்மறைப்புக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. அதன் விளைவு, ஒரே சொல் வெவ்வேறு மூலிகைகளையும் உலோகங்களையும் குறிப்பதாகக் கொள்ளப்பட்டு, எவரும் சரிபார்க்க இயலாத உரிமைகோரல்கள் பெருகியதாகும். பாதரசம் முதலிய நச்சுப் பொருள்கள் இடம்பெறும் கற்பங்களில் இத்தெளிவின்மை உயிருக்கே கேடு விளைவிக்கக்கூடும்.

இருபதாம் நூற்றாண்டில் காயகற்பத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவர் வேதாத்திரி மகரிஷி (1911–2006). கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாற்றில் 1984இல் அறிவுத்திருக்கோயில் அமைந்தது. அவர் வகுத்த காயகல்பப் பயிற்சி இளமையைக் காத்தல், மூப்பைத் தள்ளிப்போடுதல் ஆகியவற்றை நோக்கங்களாகக் கூறுகிறது. அப்பயிற்சி மனித ஆயுளை நீட்டிக்கிறது என்பது மருத்துவ ஆய்வுகளால் நிறுவப்பட்டதன்று. ஆயினும் மறைபொருளாக இருந்ததைப் பொதுவில் கற்பிக்கும் பயிற்சியாக மாற்றியது, காயகற்ப வரலாற்றில் குறிப்பிடத்தக்க திருப்பம். பரிபாடையின் பூட்டு பயிற்சி அளவில் திறக்கப்பட்டது. சோதனை என்னும் அடுத்த படி எஞ்சி நிற்கிறது.

இன்றைய மூப்பியல் ஆய்வும் அதன் மூலதனமும்

மூப்பைப் பற்றிய நவீன ஆய்வு 1930களில் உணவு குறைக்கப்பட்ட எலிகள் நெடுநாள் வாழ்ந்ததைக் கண்டறிந்ததில் வேர்கொண்டது. 1961இல் மனித உயிரணுக்கள் வரம்புக்குட்பட்ட தடவைகளே பிரியும் என ஹேஃப்லிக் காட்டினார். 2006இல் யமனாகா முதிர்ந்த உயிரணுவைக் குருத்தணு நிலைக்கு மீட்க இயலும் என நிறுவி, 2012இல் நோபல் பரிசு பெற்றார். 2009இல் ராபமைசின் என்னும் மருந்து, முதிர்ந்த சுண்டெலிகளுக்குக் கொடுக்கப்பட்டபோதும் அவற்றின் ஆயுளை நீட்டித்தது. மனிதரில் ஆயுளை நீட்டிக்கும் மருந்து எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன், 2024இல் வெளியிட்ட நூல் முழுவதையும் மூப்பு, இறப்பு ஆகியவற்றின் அறிவியலுக்கே ஒதுக்கியிருப்பது, இத்துறை விளிம்புநிலை ஆர்வமாக இருந்த காலம் கடந்துவிட்டதைக் காட்டுகிறது.

இத்துறையில் தனியார் மூலதனம் பெருகியுள்ளது. கூகுள் 2013இல் காலிகோ நிறுவனத்தைத் தொடங்கியது. 2022இல் ஆல்டோஸ் லேப்ஸ் 300 கோடி டாலர் முதலீட்டுடன் அறிவிக்கப்பட்டது. இதற்கு மாறான நிலை மெட்ஃபார்மின் மருந்தினுடையது. நீரிழிவுக்குப் பல்லாண்டுகளாக வழங்கப்படும் மலிவான இம்மருந்து மூப்புசார் நோய்களைத் தள்ளிப்போடுமா எனப் பெரிய அளவில் சோதிக்க அமெரிக்காவில் திட்டமிடப்பட்டது. பல ஆண்டுகள் கடந்தும் அதற்குரிய நிதியைத் திரட்டுவது பெரும்பாடாக இருந்தது. காப்புரிமை இல்லாத மருந்தில் இலாபம் இல்லை என்பதே அதற்குக் கூறப்படும் முதன்மைக் காரணம். மெட்ஃபார்மின் அப்பயனைத் தருமா என்பது சோதனைக்குப் பின்னரே தெரியும். ஆனால் எல்லாருக்கும் எட்டக்கூடிய கனியைத் தேடச் சந்தைக்கு ஆர்வமில்லை என்பது சோதனைக்கு முன்பே தெரிந்துவிட்டது. பொதுநிதிக்கான இடம் இந்த இடைவெளியே.

கருமத்தம்பட்டியின் முதுமை

கோவை – அவிநாசி நெடுஞ்சாலையில், சூலூர் வட்டத்தில் அமைந்த கருமத்தம்பட்டியும் அதனை அடுத்த சோமனூரும் விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றவை. இங்குள்ள தறிக்காரர் பலர் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவும் நூலும் பெற்று, துணியாக நெய்து தந்து, கூலி பெறுவோர். கூலி உயர்வுக்கான பேச்சுவார்த்தையும் வேலைநிறுத்தமும் இப்பகுதியின் தொடர் நிகழ்வுகள். தறியின் ஓயாத இரைச்சலும் பஞ்சுத் தூசும் நெடுநேரம் நிற்றலும் செவி, நுரையீரல், முழங்கால் ஆகியவற்றை வயதுக்கு முன்பே தேய்ப்பவை. கூலிக்கு நெய்பவர்க்கு ஓய்வூதியம் என ஒன்று இயல்பாக அமைவதில்லை.

இத்தகையோர்க்கு வாழ்நாளோடு பத்தாண்டு சேர்க்கப்பட்டால் அது என்னவாகும்? உலக நலவாழ்வு நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இந்தியரின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 70.8 ஆண்டுகள்; நலத்தோடு வாழும் ஆண்டுகள் 60.3 மட்டுமே. ஏறத்தாழப் பத்தாண்டு நோயிலும் இயலாமையிலும் கழிகிறது. வாழ்நாளை மட்டும் நீட்டி நலவாழ்நாளை நீட்டாத தொழில்நுட்பம் இப்பத்தை இருபதாக்கும். அச்சுமை வீட்டுப் பெண்களின் மீதே பெரிதும் விழும். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இத்தொகையை நம்பி வாழும் ஒருவருக்கு நீண்ட ஆயுள் வரமாவதும் வதையாவதும் உடல் இயங்கும் நிலையைப் பொறுத்தது.

இவ்விடத்தில் தமிழ்நாட்டின் இரு முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு மருத்துவர் வி. எஸ். நடராஜனின் முயற்சியால் தொடங்கப்பட்டது. முதியோர் மருத்துவத்தில் நாட்டின் முதல் பட்டமேற்படிப்பும் 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலேயே அமைந்தது. அடுத்தது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. நீரிழிவு, உயர் இரத்த அழுத்த மருந்துகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் இல்லத்துக்கே கொண்டுசேர்க்கும் இத்திட்டம் 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதி. நெல்லிக்கனி கைமாறிய தகடூர் வட்டாரத்திலேயே, மருந்து பெறுவோரைத் தேடிச் செல்லும் திட்டமும் தொடங்கியது தற்செயலே. எனினும் இரண்டிலும் மருந்து இருப்பவரிடமிருந்து இல்லாதவரை நோக்கிச் செல்கிறது.

எதிர்வாதங்கள்

மேற்கண்ட நிலைப்பாட்டுக்கு மூன்று எதிர்வாதங்கள் எழக்கூடும். முதலாவது, எந்தத் தொழில்நுட்பமும் தொடக்கத்தில் செல்வர்க்கே கிட்டும். பின்னரே மலிவாகும் என்பது. கைப்பேசிக்கு இது பொருந்தியது. மருந்துக்கு இது தானாக நிகழ்வதில்லை. எச்.ஐ.வி. கூட்டுமருந்தின் விலை, 2000க்குப் பின் இந்திய நிறுவனங்கள் அதனைப் பொதுப்பெயர் மருந்தாகத் தயாரித்த பிறகே பெருமளவு சரிந்தது. விலை குறைவதற்கும் சட்டமும் கொள்கையும் வேண்டும்.

இரண்டாவது, பசியும் காசநோயும் நீங்காத நாட்டில் மூப்பு ஆய்வு ஆடம்பரம் என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் நீரிழிவு, இதயநோய், புற்றுநோய், மறதிநோய் ஆகிய அனைத்துக்கும் பொதுவான பெருங்காரணி மூப்பே. அதன் அடிப்படையை அறிவது ஏழையரின் நோய்களையும் அறிவதாகும். எனவே ஆய்வை முற்றாகக் கைவிடுவதும் நீதியன்று.

மூன்றாவது, மூத்தோர் நெடுநாள் வாழின் நிலமும் பதவியும் இளையோர்க்குக் கைமாறா என்பது. சொத்தும் தொழிலும் தந்தைவழி இறங்கும் கொங்குச் சமூகத்தில் இவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. ஆயினும் அதற்குரிய தீர்வு சொத்துரிமை, ஓய்வுபெறும் வயது, வரி ஆகியவற்றின் சீர்திருத்தமேயன்றி, முதியோர் விரைந்து இறப்பதன்று.

முதலீட்டுக்கான அளவுகோல்கள்

இதுவரை கண்டவற்றிலிருந்து நான்கு அளவுகோல்கள் பெறப்படுகின்றன.

முதலாவது பகிர்வு. பொதுநிதியால் விளையும் மருந்தோ முறையோ, அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் விலையில் அமைய வேண்டும் என்பது நிதி வழங்கும்போதே நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். அமிழ்தத்தைத் தனித்து உண்ணாமை என்னும் புறநானூற்று அறத்தின் நடைமுறை வடிவம் இது.

இரண்டாவது நலம். வாழ்நாளின் எண்ணிக்கைக்கு முன் நலவாழ்நாள் இலக்காக வேண்டும். 70.8க்கும் 60.3க்கும் இடைப்பட்ட பத்தாண்டைக் குறைப்பதே முதற்பணி.

மூன்றாவது வெளிப்படை. பரிபாடையும் காப்புரிமைப் பூட்டும் வெவ்வேறு காலத்தின் மறைப்புகள். அறிவு வெளிப்பட்டிருந்தாலன்றி அதனைச் சோதிக்கவோ, அறிந்து இசையவோ இயலாது. இவ்விடத்தில் தமிழ்த்துறைக்கும் கடமை உண்டு. சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், தஞ்சை சரசுவதி மகால் ஆகியவற்றில் சித்த மருத்துவச் சுவடிகள் உள்ளன. இத்தகைய சுவடிகளிலுள்ள கற்பப் பாடல்களைப் பாடவேறுபாடுகளோடும், பரிபாடைச் சொல்லடைவோடும், தாவரப் பெயர் அடையாளத்தோடும் பதிப்பிப்பது மருத்துவச் சோதனைக்கு முற்பட்ட தேவை. மஞ்சளின் புண்ணாற்றும் பண்புக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை, பழைய நூற்சான்றுகள் காட்டப்பட்டதனால் 1997இல் நீக்கப்பட்டது. மரபுவழி அறிவு மின்னூலகம் 2001இல் உருவானதன் பின்னணியும் இதுவே. செம்மையான பதிப்பு ஒன்று பொதுச்சொத்தைக் காக்கும் ஆவணமாகும்.

நான்காவது வரிசை. நிறுவப்பட்ட, மலிவான வழிகளுக்கே முதலிடம். இரத்த அழுத்தக் கட்டுப்பாடு, கண்புரை அறுவை, செவிக்கருவி, தறிக்கூடங்களில் இரைச்சலையும் தூசையும் குறைத்தல் ஆகியன இன்றே பயன்தருவன. அவற்றை ஒதுக்கிவிட்டு உறுதியற்ற ஆயுள்நீட்டிப்புக்கு நிதியை மாற்றுதல் தகாது. அடுத்த இடம் பொதுப் பல்கலைக்கழகங்களின் மூப்பியல் அடிப்படை ஆய்வுக்கும், காப்புரிமையற்ற மருந்துகளின் சோதனைக்கும் உரியது. விலையுயர்ந்த தனியார் ஆயுள்நீட்டிப்பு முயற்சிகளுக்குப் பொதுநிதி தேவையில்லை. அவற்றுக்கு வேண்டுவது பாதுகாப்பையும் விளம்பர உண்மையையும் உறுதிசெய்யும் கட்டுப்பாடு.

முடிவுரை

மூப்புத் தடுப்புத் தொழில்நுட்பத்தில் சமூகம் முதலிட வேண்டுமா என்னும் வினாவுக்கு ஆம், இல்லை என்னும் ஒற்றை விடை போதாது. தமிழ் மரபு நீண்ட ஆயுளை வெறுக்கவில்லை. அதனைத் தேடியது, பாடியது, மறைத்தும் வைத்தது. அதன் இலக்கிய நினைவில் உயர்ந்து நின்றது கனியை ஈந்த கை. பிசிராந்தையாரின் விடை, மூப்பைத் தாழ்த்துவதில் வீட்டுக்கும் ஊருக்கும் அரசுக்கும் உள்ள பங்கைக் காட்டுகிறது. சித்தர் மரபின் வரலாறு, மறைக்கப்பட்ட அறிவு சோதனைக்கு உட்படாமல் தேங்கும் என்பதை உணர்த்துகிறது.

ஆகவே பகிர்வு, நலம், வெளிப்படை, வரிசை என்னும் நான்குக்கும் உட்பட்ட மூப்பியல் ஆய்வில் சமூகம் முதலிடுவது தகும். அவற்றுக்குப் புறம்பானதில் பொதுநிதியை இடுவது தகாது. ஒரு கண்டுபிடிப்பு இவ்வளவுகோல்களை நிறைவுசெய்கிறதா என்பதை அறியும் இடம் ஆய்வுக்கூடம் மட்டுமன்று. கருமத்தம்பட்டியில் நாற்பதாண்டு தறியோட்டி ஓய்ந்த ஒருவருக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது கிடைக்குமா, கிடைத்தால் அவர் எழுந்து நடக்க உதவுமா என்னும் இரு கேள்விகளுக்கும் அதன் திட்ட வரைவிலேயே விடை இருத்தல் வேண்டும்.